பாதிப் பாதி கொடுத்தால் பயமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை மருத்துவப் பக்கத்தில், மூட்டு விலகினால் அதைத் திரும்ப இடத்தில் ஏற்றும்போது போடுகிற மயக்க ஊசி பற்றி வந்திருந்தது. புரோபோஃபால், கெட்டமின் என்ற இரண்டு மயக்க மருந்தைக் கலந்து கொடுப்பதைப் பற்றி அதில் ஒரு வரி: ‘இரண்டு மருந்தையும் பாதிப் பாதி சேர்த்துக் கொடுப்பதால் பயப்பட ஒன்றுமில்லை.’ அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. 26 வருஷம் கேஷுவாலிட்டியில் வேலை பார்த்தவள் நான்.

உங்களுக்குத் தெரியாததில்லை. வேறு இரண்டு மருந்தைச் சேர்த்துப் பார்த்து 1990-ல் வந்த ஓர் ஆய்வை எங்கள் மயக்க டாக்டர் புதிதாக வருகிற ஒவ்வொரு நர்ஸுக்கும் சொல்வார். நல்ல ஆரோக்கியமான 12 பேர். தூக்கம் வரவைக்கிற மிடசோலம் மட்டும் போட்டபோது யாருக்கும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கவில்லை, வலியைப் போக்குகிற ஃபென்டனில் மட்டும் போட்டபோது 6 பேருக்கு இறங்கியது. இரண்டையும் சேர்த்துப் போட்டதும் 11 பேருக்கு இறங்கியது, அதோடு அந்த 12 பேரில் 6 பேருக்குக் கொஞ்ச நேரம் மூச்சே நின்று போனது.

சேர்ப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பால் மாதிரி வெள்ளையாக இருக்குமே, அந்த புரோபோஃபால் பிரஷரை இறக்கிவிடும், வலிக்கும் ஒன்றும் செய்யாது. கெட்டமின் பிரஷரைத் தாங்கும், வலியையும் போக்கும். அதனால் சேர்க்கிறார்கள், சரி. ஆனால் மூச்சு விஷயத்தில் தனி புரோபோஃபாலுக்கும் இந்தக் கலவைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2016-ல் ஆஸ்திரேலியாவில் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். எது கொடுத்தாலும் பக்கத்தில் ஒரு ஆள் மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

என் தம்பி ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறான். இரண்டு வருஷம் முன்னால் மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து தோள்பட்டை விலகிவிட்டது. சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு வந்தோம். மிடசோலமும் ஃபென்டனிலும் போட்டார்கள். முந்தின ராத்திரி அவன் தூக்க மாத்திரை போட்டிருந்தான், யாரும் கேட்கவில்லை, நான் சொல்லப் போனால் ‘அம்மா, நீங்க வெளிய இருங்க’ என்றார்கள். தோளை ஏற்றியதும் டாக்டர் அடுத்த கேஸுக்குப் போய்விட்டார், நர்ஸ் பில் எழுதப் போய்விட்டது. ஆபத்தே அப்போதுதான். அதுவரை வலிதான் ஆளை விழிக்க வைத்திருக்கும், எலும்பு உள்ளே போனதும் வலி போய்விடும், மருந்து மட்டும் உடம்பில் நிற்கும். கதவு இடுக்கில் பார்த்தேன், அவன் உதடு நீலமாக இருந்தது. ஓடிப்போய்த் தாடையைத் தூக்கிப் பிடித்து, பேர் சொல்லித் தட்டி எழுப்பினேன். அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிற ஜீப்பில், தலை நிற்காத ஆளை உட்கார வைத்து!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கத்தில் டாக்டர் படம் பெரிதாக வருகிறது, ராத்திரி முழுக்க நிற்கிற செவிலியரை ‘உதவியாளர்’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறீர்கள். இதைப் பற்றி இரண்டு தடவை எழுதினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. 30 வருஷமாக உங்கள் பத்திரிகை வாங்குகிற வீடு எங்களுடையது.

அடுத்த வாரம் அதே பக்கத்தில் ஒரு சின்னக் கட்டமாவது போடுங்கள். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார், கடைசியாக எப்போது சாப்பிட்டார், தூங்கும்போது குறட்டை விடுவாரா என்று கேட்காவிட்டாலும் கூட வந்தவர்களே சொல்லிவிட வேண்டும். ஊசி போட்ட பிறகு மூச்சைப் பார்க்க யார் நிற்பார்கள் என்று தயங்காமல் கேட்க வேண்டும். நாலு வரி போதும். அந்தப் பழைய வரி தவறு என்று ஐந்தாவது வரியும் சேர்த்தால் நன்றி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.