விட்ட மீன் பிழைக்க வேண்டும்: ஃபிரேசர் ஆற்றின் வற்றுப்பெருக்கு நீரில் ஜிக் தூண்டில் குறித்து ஒரு திறந்த மடல்

கனடிய மீன்பிடி, கடல்வளத் திணைக்களத்தின் பசிபிக் வட்டார அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

ஃபிரேசர் ஆற்றில் மிஷன் தொடருந்துப் பாலத்துக்குக் கீழே, கடலின் வற்றும் பெருக்கும் எட்டும் பகுதியில், ஜிக் எனும், எடையுள்ள தலையோடு கொக்கி வார்த்த செயற்கை இரையை வீசிக் கோஹோ சால்மன் பிடிப்பவர்களில் ஒருவனாக இம்மடலை எழுதுகிறேன். அந்தப் பாலத்துக்குக் கீழே உள்ளது உங்கள் சட்டத்தின் கண்ணில் கடல்சார் நீர். மேலே உள்ளது நன்னீர். உரிமமும் வேறு, விதிநூலும் வேறு. இருந்தும், பிடித்த மீனை விடுவிக்கும் விஷயத்தில் மட்டும் இரு பகுதிகளையும் நாம் ஒன்றுபோலவே பார்க்கிறோம். வைத்துக்கொள்ளக் கூடாத மீனை நீரில் விட்டுவிட்டால் அது பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும் என்பதே பாலத்தின் இருபுறமும் நிலவும் நம்பிக்கை. வற்றுப்பெருக்கு நீரில் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு என்பதையும், அதைச் சீர்செய்ய ஜிக்கைத் தடைசெய்யத் தேவையில்லை, விடுவிக்கும் முறையைச் சட்டமாக்கினாலே போதும் என்பதையும் உங்கள் முன் வைக்கிறேன்.

அலாஸ்காவின் லிட்டில் சுசிட்னா ஆற்றில் தூண்டிலில் பிடித்து விடப்பட்ட கோஹோ மீன்களைப் பற்றி 1993-இல் வெளியான ஆய்வு உங்கள் அறிவியலாளர்களுக்குத் தெரியாததல்ல. கழிமுகத்தில் பிடித்து விடப்பட்ட மீன்களில் 69 சதவீதம் இறந்தன. அதே ஆற்றின் மேற்பகுதியில் பிடித்து விடப்பட்டவற்றில் இறந்தவை 12 சதவீதமே. ஒரே இனம், ஒரே ஆறு, ஒரே வகைப் பொழுதுபோக்குத் தூண்டில். மாறியது மீன் நின்ற இடமும், அந்த இடத்தில் அதன் உடல் இருந்த நிலையும்தான்.

அந்த உடல்நிலையை எண்ணிப் பார்த்தால் இவ்வளவு பெரிய வேறுபாடு வியப்பளிக்காது. கடலில் வாழும்வரை சால்மன் உப்புநீரைக் குடித்து, மிகுதியான உப்பைச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. ஆற்றில் நுழைந்ததும் எல்லாம் தலைகீழாகிறது: நீர் தானாகவே உடலுக்குள் ஊறி வருகிறது, அதைச் சிறுநீரகம் ஓயாமல் வெளியேற்ற வேண்டும், செவுளோ உப்பை உள்ளே இழுத்துச் சேர்க்க வேண்டும். இந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே மீன் கழிமுகத்தில் ஒவ்வொரு பெருக்கோடும் ஏறி, ஒவ்வொரு வற்றோடும் தயங்கி நிற்கிறது. செதில்களும் அப்போது மிகத் தளர்வாக இருக்கும். கடலிலிருந்து புதிதாக வந்த வெள்ளிநிறக் கோஹோவை உலர்ந்த கையால் ஒருமுறை பிடித்தவருக்கு, உள்ளங்கையில் எத்தனை செதில்கள் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லத் தேவையில்லை. உப்புக்கும் நன்னீருக்கும் இடையே உடலைக் காக்கும் தடுப்பே தோலும் செதிலும்தான். அந்தத் தடுப்பு மிக மெலிந்திருக்கும் நாட்களில், அது மிக அதிகமாகத் தேவைப்படும் இடத்தில் நின்றுகொண்டு நாம் அந்த மீனைப் பிடிக்கிறோம். சில வாரங்கள் கழித்து ஆற்றின் மேற்பகுதியில் அதே மீனின் தோல் தடித்து, நிறம் கறுத்து, செதில் தோலுக்குள் புதைந்திருக்கும். அப்போது ஓரளவு தவறான கையாளுதலைக்கூட அது தாங்கும்.

ஃபிரேசரில் இது ஏன் கூடுதல் கவலைக்குரியது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. சில்லிவாக், இஞ்ச் கிரீக் மீன் பொரிப்பகங்களிலிருந்து, வைத்துக்கொள்ளக்கூடிய மீன் என்று அடையாளம் தெரியக் கொழுப்புத் துடுப்பு (முதுகில் வாலுக்கு அருகே உள்ள சிறு துடுப்பு) வெட்டப்பட்டு வெளியே விடப்பட்ட கோஹோவும், தொம்சன் ஆறு போன்ற உட்பகுதி நீர்களில் இயற்கையாகப் பிறந்த கோஹோவும் இதே கழிமுகம் வழியாகத்தான் திரும்பி வருகின்றன. உட்பகுதிக் கோஹோவைக் காக்க 1998 முதல் கடும் கட்டுப்பாடுகள் நடைமுறையில் உள்ளன. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களை மதிப்பிடும் கனடியக் குழு 2002-இல் அதை அழியும் நிலையிலுள்ளதாகவும், 2016-இல் அச்சுறுத்தலுக்குள்ளானதாகவும் வகைப்படுத்தியது. அந்த மீன்கள் பெருமளவில் கடக்கும் வாரங்களில் கீழாற்றில் கோஹோ பிடிக்கத் தடை விதிக்கிறீர்கள்; அதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் மீன்கள் நாட்காட்டி பார்த்து வருவதில்லை. முந்தி வருவனவும் பிந்தி வருவனவும் திறந்த வாரங்களில் நம் தூண்டிலில் சிக்கத்தான் செய்யும்.

இனி ஜிக்கைப் பற்றி. ஆற்றங்கரையில் வாக்குவாதம் எழும்போதெல்லாம் ஜிக்கையே குற்றவாளியாக்கும் பேச்சு கேட்கிறது. வேகமாகச் சுண்டி இழுப்பதைத் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது மீனின் விலாவில் கொக்கியை மாட்டும் முயற்சியாகத் தோன்றுவது இயல்பு. உண்மையில் நடப்பது வேறு. ஏறத்தாழ 10 முதல் 14 கிராம் வரை எடையுள்ள தலை, அதிலேயே வார்த்த ஒற்றைக் கொக்கி, அதன்மேல் மரபூ இறகோ முயல்தோல் கீற்றோ: இதுதான் ஜிக். ஓட்டம் தளர்ந்த கிளைவாய்க்கால் முகத்திலோ, மூழ்கிய மரங்களின் ஓரத்திலோ எறிந்து, மூழ்கவிட்டு, கோலின் நுனியை ஓர் அடி உயரத்துக்குச் சுண்டி, தளர்ந்த தூண்டில் நரம்பைச் சுருட்டிக்கொண்டே மறுபடியும் விழவிடுகிறோம். கோஹோ கவ்வுவது பெரும்பாலும் ஜிக் விழும்போதுதான். ஆற்றுக்குள் வந்த சால்மன் இரையெடுப்பதை நிறுத்திவிடுகிறது. ஆகவே அது பசியால் விழுங்குவதில்லை. சினத்தாலோ பழைய பழக்கத்தாலோ வாயின் முன்பகுதியால் கவ்வுகிறது. அதனால் கொக்கி உதட்டோரத்திலோ தாடையிலோ பதிகிறது. பதப்படுத்திய சால்மன் முட்டையை இரையாக வைத்தால், கொக்கி தொண்டைவரை போகும் வாய்ப்பு அதிகம். அந்த மீனை விடுவது பல நேரங்களில் இறக்கும் மீனை விடுவதே. பல மீட்டர் நீளத் தலைநரம்பை (கொக்கி கட்டிய கடைசி நரம்புத் துண்டை) ஓட்டத்தில் அடித்தரையோடு இழுத்து, மீன் கவ்வாமலே திறந்த வாயின் குறுக்கே நரம்பு ஓடி வெளிப்புறத்திலிருந்து கொக்கி மாட்டும் முறையோடு ஒப்பிட்டாலும் ஜிக்கே நேர்மையானது. விடுவிக்க வேண்டிய மீன்கள் கலந்து வரும் நீரில், கோஹோவுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியவில்லை.

இருந்தாலும் ஜிக் தவறும் இடமும் உண்டு, அதை மறைப்பது நியாயமல்ல. பிங்க் சால்மன் ஃபிரேசருக்குப் பெருந்திரளாக வருவது ஒற்றைப்படை ஆண்டுகளில். ஓகஸ்ட் பிற்பகுதியிலும் செப்டம்பரிலும் மணல்திட்டுகளை ஒட்டி அவை நெருக்கியடித்து நிற்கும்போது, நீர் வற்றிய நேரத்தில், 30 கிராம் ஜிக்கை அடித்தரையிலிருந்து ஓங்கி இழுப்பவருக்குக் கவ்வும் மீன் தேவையே இல்லை. மேல்நோக்கி நிற்கும் கொக்கி எந்த வயிற்றிலாவது ஏறிவிடும். வாய்க்கு வெளியே கொக்கி மாட்டிய சால்மனை விட்டுவிட வேண்டும் என்பது இப்போதே விதி. ஆனால் அந்தத் திரளுக்குள் ஒரு கோஹோவும் நின்று, அதன் விலாவில் கொக்கி ஏறியிருந்தால், விதிப்படி விடுவதால் அதற்கு என்ன பயன்? இங்கே குற்றம் கருவியின் வடிவத்தில் இல்லை, எடையிலும், நேரத்திலும், இடத்திலும் இருக்கிறது. ஆகவே வற்றுப்பெருக்கு நீரில் சால்மனுக்கு வீசும் ஜிக்கின் எடைக்கு மேல்வரம்பு விதிக்கும்படி கேட்கிறேன். 15 கிராம் என்று நான் சொல்வேன். ஆழமான முதன்மை ஓடையில் அது போதாது என்று சிலர் வாதிடுவார்கள். அங்கே வீச வேறு கருவிகள் இருக்கின்றன, ஜிக்கைத்தான் வீச வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. கூடவே, ஜிக்கின் பின்னால் இரண்டாவது கொக்கி தொங்கவிடுவதையும் தடைசெய்யலாம்.

இவையெல்லாம் துணை ஏற்பாடுகளே. என் முதன்மையான வேண்டுகோள் வேறு. மிஷன் பாலத்துக்குக் கீழே, விடுவிக்க வேண்டிய எந்தச் சால்மனையும் நீரிலிருந்து முழுமையாக வெளியே எடுப்பது குற்றம் என்று தெளிவாக எழுதுங்கள். தற்செயலாகப் பிடிபட்ட மீனை உடனடியாகவும் மிகக் குறைந்த தீங்கு நேரும் வகையிலும் திருப்பிவிட வேண்டும் என்று பொது மீன்பிடி ஒழுங்குவிதிகள் ஏற்கெனவே சொல்கின்றன. ஆனால் ‘குறைந்த தீங்கு’ என்பதற்கு ஒவ்வொருவரும் தமக்கு வசதியான பொருளைக் கொள்கிறார்கள். மீனைக் கற்கள்மேல் இழுத்துக் கிடத்தி, துடுப்பு வெட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, தூக்கிப் படம் எடுத்து, பிறகு வீசுபவரும் தாம் விதியை மதித்ததாகவே நம்புகிறார். எல்லைக்கு அப்பால் வோஷிங்டன் மாநிலத்தில், நன்னீரில் விடுவிக்க வேண்டிய சால்மனை நீரைவிட்டு முழுமையாகத் தூக்கக் கூடாது என்பது சட்டமாகவே இருக்கிறது. பாதுகாவலருக்கு அதை நடைமுறைப்படுத்துவது எளிது: மீன் நீரில் இருக்கிறதா, இல்லையா என்று கரையில் நின்றே பார்த்துவிடலாம். எதிர்முள் (கொக்கி நுனியில் பின்னோக்கி நீளும் முள்) இல்லாத கொக்கி ஏற்கெனவே கட்டாயம் என்பதால், முடிச்சில்லாத ரப்பர் வலையில் மீனை நீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு, கொழுப்புத் துடுப்பு இருக்கும் இடத்தைப் பார்த்து, குறட்டால் கொக்கியைத் திருப்பி எடுத்துவிட முடியும். ஜிக்கில் அது இன்னும் எளிது. ஈயத் தலையே நல்ல பிடி.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும், இது என் நண்பர்கள் பலருக்குப் பிடிக்காது. அன்றைய அளவுக்கான கோஹோவை வைத்துக்கொண்டபின், ‘பிடித்துவிட்டு விடுகிறேன்’ என்று அதே கழிமுகத்தில் தொடர்ந்து ஜிக் வீசுவதை நிறுத்த வேண்டும். மேலாற்றில் அது சிறு சேதம். இங்கே, அந்த 69 சதவீதத்தின் பாதியே உண்மையென்று கொண்டாலும், விளையாட்டுக்காக விடப்பட்டவை சமைக்க எடுத்தவற்றைவிட அதிகமாக இறந்திருக்கக்கூடும். அவை எந்தக் கணக்கேட்டிலும் பதிவாவதில்லை.

அந்த மீன்கள் நமக்கு மட்டும் உரியவையும் அல்ல. ஃபிரேசர் முகத்துவாரத்தின் கனூ பாசேஜில் மஸ்குவீம் முதற்குடி மீனவர் ஒருவரின் வலைநீளம் குறித்து எழுந்த ஸ்பாரோ வழக்கில், 1990-இல் உச்சநீதிமன்றம் வரிசையைத் தெளிவாக்கியது: பாதுகாப்பு முதலில், அடுத்து முதற்குடிகளின் உணவுக்கும் சமூகச் சடங்குகளுக்குமான மீன்பிடி, அதன்பின்னரே மற்றவர்கள். பொழுதுபோக்குக்குக் கோல் பிடிப்பவர்கள் அந்த வரிசையில் எங்கே நிற்கிறோம் என்பதை நினைத்தால், கணக்கில் வராமல் கொல்லும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுகிறது.

ஜிக்கின் தலையில் உள்ள, நீர்ப்பறவைகளுக்கு நஞ்சான ஈயத்தைப் பற்றிச் சுருக்கமாக. தேசியப் பூங்காக்களிலும் தேசிய வனவிலங்குப் பகுதிகளிலும் 50 கிராமுக்குக் குறைந்த ஈய ஜிக்கை மீன்பிடிப்பவர் வைத்திருப்பதே தடை. ஃபிரேசர் முகத்துவாரத்தின் அலாக்சன் அப்படியொரு பகுதி. ரஷ்யாவின் ரங்கல் தீவிலிருந்து வரும் பனிவாத்துகள் குளிர்காலத்தைக் கழிக்கும் இடம். அந்த எல்லைக்கோட்டுக்கு வெளியே அதே நீரில், அதே சேற்றில், மூழ்கிய மரங்களில் சிக்கி அறுந்த ஈய ஜிக்குகள் கிடக்கின்றன. ஈயத்துக்கு மாற்றான தங்ஸ்டனும் பிஸ்மத்தும் விலை கூடியவை என்பது உண்மைதான். தடையைப் படிப்படியாகக் கொண்டுவந்தால் விற்பனையாளர்களும் எங்களைப் போன்றோரும் பழகிக்கொள்வோம்.

கடைசியாக ஒன்று. அலாஸ்காவின் சிறிய ஆறொன்றின் எண்களை ஃபிரேசருக்கு அப்படியே பொருத்த முடியாது என்று உங்கள் ஆலோசகர்கள் சொல்லலாம். அது நியாயமான ஆட்சேபம். அப்படியானால் இங்கேயே அளந்து பாருங்கள். முகத்துவாரத்திலும் மிஷன் பாலத்தருகேயும் ஜிக்கில் பிடித்த, துடுப்பு வெட்டிய பொரிப்பக மீன்களுக்கு ஒலிக்குறி (மீன் போகுமிடத்தைக் காட்டும் ஒலி எழுப்பும் சிறு கருவி) பொருத்தி விட்டால், அவற்றுள் எத்தனை மேலே போகின்றன என்பது ஒரே பருவத்தில் தெரிந்துவிடும். மீன்பிடிக்கவும், தரவு எழுதவும், தேவைப்பட்டால் அந்த நாட்களில் தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிடவும் எங்களில் பலர் முன்வருவார்கள். நீரிலிருந்து தூக்கக் கூடாது என்ற விதி மட்டும் அந்த ஆய்வின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். அடுத்த ஒற்றைப்படை ஆண்டில் பிங்க் சால்மன் ஆற்றுக்குள் வருவதற்கு முன்பே அதை அறிவியுங்கள்.

இப்படிக்கு,
ஃபிரேசர் கீழாற்றில் தூண்டில் போடும் ஒருவன்