குயின் குழுவின் மற்ற மூவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பிரிட்டனின் குயின் ராக் இசைக்குழுவைப் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். சான்சிபாரில் பிறந்த ஒரு பார்சிப் பையன் பாஞ்ச்கனி பள்ளிக்கூடத்தில் படித்து, லண்டன் போய், குயினின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி ஆன கதையைக் கட்டுரையாளர் அருமையாக எழுதியிருக்கிறார். ராக் இசைக்கு இத்தனை பக்கம் ஒதுக்கிய உங்களுக்கும் நன்றி. ஆனால் மற்ற மூவரையும் 'பக்கவாத்தியக்காரர்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஃப்ரெடி ஆள் சேர்த்து ஆரம்பித்த குழு அல்ல அது. கிட்டார் பிரையன் மேயும் டிரம்ஸ் ரோஜர் டெய்லரும் 1968-லேயே 'ஸ்மைல்' என்று ஒரு குழு நடத்தியவர்கள். அதில் பாடியவர் விலகிப் போன பிறகுதான் 1970-ல் ஃப்ரெடி உள்ளே வந்தார். பேஸ் கிட்டார் ஜான் டீக்கன் வந்தது 1971-ல். 1973-ல் வந்த முதல் ஆல்பம் பெரிதாக எடுபடவில்லை. 1975-ல் 'பொஹீமியன் ராப்சடி' பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது. ஆறு நிமிடத்துக்கு ஐந்து நொடிதான் குறைவு அந்தப் பாட்டு. எழுதியவர் ஃப்ரெடிதான், அதில் இரண்டு பேச்சு இல்லை.

ஆனால் மைதானம் மைதானமாகக் காலைத் தட்டி, கையைத் தட்டிப் பாடுகிறார்களே, அந்த 'வீ வில் ராக் யூ'? அது பிரையன் மே எழுதியது. 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்ட் நிகழ்ச்சியில் அத்தனை கூட்டமும் தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டிய 'ரேடியோ காகா' ரோஜர் டெய்லருடைய பாட்டு. 1980-ல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' ஜான் டீக்கனுடையது. நாலு பேரும் தனித்தனியாக ஹிட் கொடுத்த குழு இது. அதில் மூன்று பேரைப் பக்கவாத்தியம் என்று ஒதுக்கலாமா?

நான் மைக் செட் தொழில் செய்கிறவன். எங்கள் பக்கத்துக் கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக்கு மைக் கட்டும்போது புலவருக்கு மட்டும் மைக் வைத்துவிட்டு உடுக்கையையும் குடத்தையும் விட்டுவிட்டால், கதை சூடு பிடிக்கும் முன்னாலேயே ஊர்க்காரர்கள் எழுந்து வந்து கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். நோட்டீஸில் புலவர் பெயர் மட்டும் இருக்கலாம், பாட்டு எல்லாருடையது.

ஜான் டீக்கன் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர் என்பதால் அவர் மேல் எனக்குத் தனிப் பிரியம். லண்டனில் குப்பையில் கிடந்த ஒரு சர்க்யூட் போர்டை எடுத்து, சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்குள் பொருத்தி, ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபயர் ஒன்று செய்தார். அதில் பிரையன் தன் கிட்டாரைக் கொடுத்து வாசித்து, ஒன்றன் மேல் ஒன்றாகப் பதிவு செய்தார். 1975 ஆல்பத்தில் 'குட் கம்பெனி' என்ற பாட்டைக் கேட்டுப் பாருங்கள். கிளாரினெட்டும் டிராம்போனும் ஊதுவது போலவே இருக்கும். அத்தனையும் கிட்டார். அந்தக் கிட்டாரும் கடையில் வாங்கியதல்ல. பிரையனும் அவருடைய அப்பாவும் 1963-ல் தொடங்கி வீட்டிலேயே இழைத்துச் செய்தது. கணப்படுப்பின் மேல்சட்டமாக இருந்த பழைய மரம்தான் அதன் கழுத்து. அம்மாவின் பொத்தான் டப்பாவிலிருந்து எடுத்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள்தான் கழுத்தில் பதித்த புள்ளிகள். மீட்டுவதற்கு இன்றைக்கும் பழைய ஆறு பென்ஸ் நாணயம்தான். இதையெல்லாம் விட்டுவிட்டுக் குயினின் ஓசையைப் பற்றி எப்படி எழுத முடியும்?

இன்னொன்று. 'பொஹீமியன் ராப்சடி' இசைத்தட்டின் பின்பக்கத்தில் இருந்தது ரோஜரின் பாட்டு. தட்டு விற்க விற்க ஃப்ரெடிக்கு வந்த அதே பங்கு ரோஜருக்கும் வந்தது. அதில் மனஸ்தாபம் கிளம்பி வெகுகாலம் நீடித்தது. கடைசியில், 1989-ல் வந்த 'த மிராக்கிள்' ஆல்பத்தில் எல்லாப் பாட்டையும் நால்வர் பெயரிலும் போட்டுவிட்டார்கள். ஃப்ரெடியே சம்மதித்த பங்கீடு அது.

கட்டுரை 1991 நவம்பர் 24-ல், ஃப்ரெடியின் மறைவோடு நின்றுவிடுகிறது. அவர் பாடி வைத்துவிட்டுப் போன குரல்களுக்கு மற்ற மூவரும் இசை சேர்த்து 1995-ல் 'மேட் இன் ஹெவன்' ஆல்பத்தை வெளியிட்டார்கள். டீக்கன் 1997-க்குப் பிறகு மேடைப் பக்கமே வரவில்லை. இசைக்காகப் பாதியில் விட்ட வானியற்பியல் ஆராய்ச்சியை முடித்து 2007-ல் டாக்டர் பட்டம் வாங்கினார் பிரையன். அவரும் ரோஜரும் முதலில் பாடகர் பால் ராட்ஜர்ஸோடும் பிறகு பாடகர் ஆடம் லாம்பர்ட்டோடும் மேடை ஏறினார்கள்.

இந்த மூவருக்கும் வரும் இதழ்களில் ஒரு இரண்டு பக்கமாவது ஒதுக்குங்கள். அதே கட்டுரையாளரையே எழுதச் சொல்லுங்கள். அவருக்கு எழுத்து நன்றாக வருகிறது. படம் போட்டால் நால்வரும் இருக்கும் படமாகப் போட்டு, கீழே நாலு பேரையும் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருநெல்வேலி டவுன்