ஒரு கட்டை இறங்கி வந்த உங்களுக்கு நன்றி

என் பாட்டையும் வாசிப்பையும் இத்தனை ஆண்டுகளாகத் தாங்கிப் பிடித்த உங்கள் அனைவருக்கும் பணிவான வணக்கம்.

9 வயதில் முதன்முதலாக வீணையின் முன் அமர்ந்த நான், இப்போது 61 வயதைக் கடந்திருக்கிறேன். இந்த 52 ஆண்டுகளில் மேடையேறிக் கச்சேரி செய்ததில்லை; செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டதும் இல்லை. ஆனால் பாடாமலும் வாசிக்காமலும் கழிந்த நாள்கள் என் வாழ்வில் மிகக் குறைவு, அவற்றில் பெரும்பாலானவை சென்ற ஆண்டில் வந்தவை. குரலும் வீணையும் ஒரே சமயத்தில் என்னைக் கைவிட்டுவிட்டதாக நான் கலங்கியிருந்தபோது, அவை இரண்டையும் எனக்குத் திரும்பக் கிடைக்கச் செய்தவர்கள் நீங்கள். அதற்கு நேரில் சொன்ன நன்றி போதாது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி என் ஆசிரியர் அம்மாவுக்கு. அவர் இன்று இல்லை. வாய் பாடாததைக் கை வாசிக்காது என்பது அவர் முறை. மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் பாடமான சரளி வரிசையைத் தொடங்கும்போதே, ஒவ்வொரு வரியையும் பாடிக் காட்டிய பிறகுதான் வீணையைத் தொட விடுவார். 72 மேளகர்த்தா எனும் தாய் ராகங்களில் 15ஆவதான இந்த ராகத்தை ஏன் முதலில் கற்பிக்கிறார்கள் என்று சிறுமியாக நான் கேட்டபோது, வீணையில் ஸ்வர இடங்களைக் காட்டும் குறுக்குக் கட்டிகளான மெட்டுகளில், 'ஸ'விலிருந்து 'ம' வரை என் விரலை வைத்து நகர்த்தினார். பிறகு அதே விரலைப் 'ப'விலிருந்து மேல் 'ஸ' வரை நகர்த்தினார். இரண்டு பாதிகளிலும் இடைவெளிகள் ஒன்றாகவே இருந்தன. கீழ்ப்பாதியைப் பழகிய கைக்கு மேற்பாதியும் வந்துவிடும் என்பதை அவர் விளக்கவில்லை, என் விரலுக்கே காட்டிவிட்டார். "எப்போது அரங்கேற்றம்?" என்று அவர் ஒரு நாளும் கேட்காததற்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். கேட்டிருந்தால், பயந்த சுபாவமுள்ள நான் அந்த வயதிலேயே விட்டிருப்பேன்.

அன்று அவர் என் குரலுக்கு வைத்த சுருதி ஐந்தரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு; எண் குறைந்தால் சுருதி தாழும்). அதையே பிடித்துக்கொண்டு, வயது ஏறிய பிறகும் தொண்டையை வற்புறுத்திப் பாடிவந்தேன். சென்ற ஆண்டின் தொடக்கத்தில் குரல் கம்மியது. மேல் ஸ்வரங்களான தார ஸ்தாயியில் வெறும் காற்றுதான் வந்தது. இனிமேல் பாட்டை மறந்துவிடுவது நல்லது என்று ஒருவர் எளிதாகச் சொல்லிவிட்டார். அந்தச் சொல்லோடு நான் பல வாரங்கள் முடங்கிக் கிடந்தேன்.

அதன்பின் என்னைப் பார்த்த மருத்துவர், குரல் நாண்களில் சிறு முடிச்சுகள் இருப்பதைத் திரையில் காட்டி, கத்திக்கு இப்போது வேலையில்லை, பயிற்சிக்குத்தான் வேலை என்று சொன்ன அந்த நிமிடத்தை நான் மறக்கமாட்டேன். குரல் பயிற்சி அளித்த இளம்பெண், பேச்சைக் குறைக்கச் சொன்னதோடு, கிசுகிசுப்பதும் நாண்களுக்குச் சிரமம்தான் என்று அதையும் தடுத்தார். ஒரு குவளைத் தண்ணீரில் உறிஞ்சுகுழலின் நுனியை அமிழ்த்தி, குமிழிகள் சீராக எழும்படி ஊதிக்கொண்டே மெல்ல ஒலியெழுப்ப வேண்டும். குமிழி தடுமாறினால் குரலை அழுத்துகிறேன் என்று பொருள். தம்புராவின் நாதத்தையே கேட்டுப் பழகிய எனக்கு, அந்தக் குமிழிச் சத்தம் பல வாரங்களுக்குச் சுருதியாக இருந்தது. முடிச்சுகள் கரைந்தன. ஆனால் குரல் நாலரைக் கட்டையில்தான் நிம்மதியாக நின்றது. குரல் பயிற்சி தந்த அம்மா, உங்கள் பொறுமைக்கு என் கைகூப்பிய நன்றி. உங்கள் வயது என் மகள் வயது. ஆனாலும் என் இரண்டாவது ஆசிரியர் நீங்கள்தான்.

குரல் ஒரு கட்டை இறங்கியதும் வீணையிலும் சிக்கல் வந்தது. தந்திகளைத் தளர்த்தினால் அவை தொய்ந்து மெட்டுகளில் உரசி இரைந்தன. ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்காக இழுத்தால் ஸ்வரம் நிற்கவில்லை. போதாக்குறைக்கு, மெட்டுகளைத் தாங்கும் மெழுகும் பல இடங்களில் வெடித்திருந்தது. மெட்டுகளை மெழுகில் பதித்து மேளம் கட்டித் தந்த பெரியவரே, அன்று உங்கள் அருகில் அமர்ந்து பார்த்ததை இங்கே சொல்லியாக வேண்டும். 24 மெட்டுகளையும் எடுத்துவிட்டுப் புது மெழுகு வைத்தீர்கள். ஒவ்வொரு மெட்டையும் இளகிய மெழுகில் பதித்து, தந்தியை மீட்டி, காதை வீணையின் நீண்ட தண்டியோடு ஒட்டிக் கேட்டு, கட்டைவிரலால் மயிரிழை அளவு தள்ளி, மறுபடி மீட்டினீர்கள். எந்தக் கருவியையும் நீங்கள் துணைக்கு வைத்துக்கொள்ளவில்லை. நடுவில் என்னைப் பார்த்து, "நீங்க பாடுற ஷட்ஜத்தைக் கொஞ்சம் பிடிங்கம்மா" என்று 'ஸ'வைப் பாடச் சொன்னீர்கள். மாதக்கணக்கில் வேறொருவர் முன்னால் வாய்திறக்காதிருந்த நான், அன்றுதான் பாடினேன். என் குரலைக் கேட்ட பிறகு, உச்சத் தந்தியான சாரணி முதல் மிகத் தாழ்ந்த தந்தியான அநுமந்தரம் வரை எல்லாத் தந்திகளையும் சற்றுக் கனமானவையாக மாற்றினீர்கள். இறங்கிய சுருதிக்கும் அவை விறைப்பாக நின்றன. என் குரலின் அளவுக்கு ஒரு வாத்தியத்தையே திருத்தித் தந்த உங்களுக்கு, பேசிய கூலியைக் கொடுத்ததோடு என் கடன் தீர்ந்துவிடவில்லை.

சனிக்கிழமை மாலைகளில் கூடி வாசிக்கும் நண்பர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வயலின் தந்திகளை இறக்குவது எளிது. மிருதங்கத்துக்கும் வழி உண்டு. கல்லும் கட்டையும் வைத்து விளிம்பைக் கீழிருந்து மேலாகத் தட்டி மிருதங்க அண்ணன் சுருதியை இறக்கிவிட்டார். ஆனால் புல்லாங்குழலின் சுருதி துளைகளோடு பிறந்தது. அதை மாற்ற முடியாது. நான் பாடாமல் வீணை மட்டும் வாசிக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அடுத்த வாரம் நாலரைக் கட்டைக்கு ஒரு புதிய குழலோடு வந்து நின்றீர்கள், தம்பி. பழையதைவிட நீளமான குழல். துளைகளின் இடைவெளியும் அதிகம், மூச்சும் கூடுதலாக வேண்டும். ஓராண்டாகப் பாடாமலிருந்த ஒருத்திக்காக, 20 ஆண்டுகள் பழகிய விரல் வைப்பை நீங்கள் மாற்றிக்கொண்டீர்கள். அன்று எனக்குப் பேச்சு வரவில்லை. இப்போது எழுத்திலாவது சொல்கிறேன்: நன்றி.

விடியற்காலைச் சாதகப் பயிற்சியைச் சுவருக்கு அப்பாலிருந்து பொறுத்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும், வீணை உறையிலேயே கிடந்த மாதங்களில் அதன்மேல் தூசி படியவிடாமல் தினமும் துடைத்துவைத்த என் கணவருக்கும் என் அன்பு. அவர் ஒரு முறைகூட "வாசி" என்று சொல்லவில்லை. துடைப்பதைமட்டும் நிறுத்தவில்லை.

மறுபடி வாசிக்கத் தொடங்கியபோது, இடக்கையின் ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் 50 ஆண்டுகளாக இருந்த காய்ப்பு உரிந்து, தோல் குழந்தையின் தோலைப்போல ஆகியிருந்தது. முதல் நாள் தந்தி அறுத்தது. இரண்டு மாதங்களில் காய்ப்பு திரும்பிவிட்டது. இதை எழுதும்போதும் கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.

வரும் சனிக்கிழமை நான் சற்று முன்னதாகவே வந்துவிடுகிறேன். புதுத் தந்திகள் இன்னும் இளகிக்கொண்டிருப்பதால், நீங்கள் வருவதற்குள் சுருதி சேர்த்து வைக்க வேண்டும்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் வீணை அக்கா