குழாயில் தேங்கும் நீர்: உறக்க ஆய்வகங்களுக்கும் சி-பாப் கருவி முகவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறக்கவியல் மருத்துவர்களுக்கும், ஆய்வகத் தொழில்நுட்பர்களுக்கும், கருவிகளை விற்கும், வாடகைக்கு விடும் முகவர்களுக்கும் வணக்கம்.

உறக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடும் உறக்க மூச்சுத்தடைக்காக, இரவுதோறும் சி-பாப் கருவி அணிந்து உறங்குபவன் நான். மூச்சுவழி அடையாதிருக்கக் குழாய், மாஸ்க் வழியே அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் கருவி அது. அதே கருவியை வாங்கிச் சில வாரங்களில் அலமாரிக்குள் வைத்துவிட்டவர்கள் சிலரையும் அறிவேன். அவர்கள் சொல்லும் காரணம் காற்றழுத்தம் தாங்கவில்லை என்பதன்று. பின்னிரவில் குழாய்க்குள் களகளவென்று ஓசை கேட்டது, மாஸ்க்கில் நீர் சேர்ந்து மூக்கில் ஏறியது, விழித்தபின் உறக்கம் பிடிக்கவில்லை என்பதுதான். கருவி பழுதென்று சிலரும் தாம் சரியாகப் பயன்படுத்தவில்லையென்று சிலரும் எண்ணுகிறார்கள். இரண்டும் இல்லை. வாங்குபவரின் படுக்கையறையைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டிருந்தால் விற்கும் நாளிலேயே இதைக் கணித்திருக்கலாம் என்பதே என் வாதம்.

மூக்கு காயாதிருக்கக் கருவியோடு இணைந்துள்ள ஈரப்பதமூட்டியில், நீர்த்தொட்டியின் அடியிலுள்ள தட்டு சூடாக, நீரின் மேல் செல்லும் காற்று ஈரத்தை ஏற்றுக்கொண்டு ஏறத்தாழ 2 மீட்டர் நீளக் குழாய் வழியே முகத்தை அடைகிறது. வழியில் அது குளிர்ந்தால், இட்லிக் கொப்பரை மூடியின் அடியில் துளிர்ப்பதுபோலக் குழாயின் உட்சுவரில் நீர் துளிர்க்கிறது. 27 டிகிரி செல்சியசில் 85 விழுக்காடு ஈரப்பதம் கொண்ட ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 22 கிராம் நீராவி இருக்கும். 24 டிகிரியை ஒட்டிக் குளிர்ந்ததுமே அந்தக் காற்று நிறைநிலையை, அதாவது மேற்கொண்டு நீராவியைத் தாங்க முடியாத நிலையை, எட்டிவிடும். 20 டிகிரிக்கு இறங்கினால் 17 கிராமுக்குச் சற்று மேல்தான் அதனால் தாங்க முடியும். மாஸ்க்கின் வெளியேற்றத் துளைகள் வழியே காற்று இடைவிடாது போய்க்கொண்டிருப்பதால், நிமிடத்துக்கு 30, 40 லிட்டர் காற்று குழாயைக் கடப்பது சாதாரணம். ஆகவே மணிக்குச் சில மில்லிலிட்டர் நீர் சேர்வதில் வியப்பேதும் இல்லை. களகளப்புக்கு அவ்வளவே போதும். குழாயின் தாழ்ந்த வளைவில் அது தேங்கி நின்றால் மாஸ்க்கில் அழுத்தம் ஏறி இறங்கும். அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வகைக் கருவிகள் இந்த அசைவைத் தவறாகக் கணிக்கவும் இடமுண்டு.

‘சென்னைக் காற்றே ஈரம்தானே, இங்கு ஈரப்பதமூட்டியெல்லாம் எதற்கு?’ என்ற பேச்சை விற்பனையாளர்களிடமே கேட்டிருக்கிறேன். ஏசி இல்லாத அறைக்கு அது பெரும்பாலும் பொருந்தும். 30 டிகிரியில் 75 விழுக்காடு ஈரமுள்ள காற்றில் ஏற்கெனவே கனமீட்டருக்கு 22 கிராமுக்கு மேல் நீராவி இருக்கிறது. அங்கே ஈரப்பதமூட்டிக்கு வேலை குறைவு. ஏசி போட்ட அறையின் கதை வேறு. ஏசி காற்றைக் குளிர்விப்பதோடு அதன் ஈரத்தையும் பிழிந்து வெளிக்குழாயில் சொட்டவிடுகிறது. அதனால் மூக்கு காய்கிறது. ஈரப்பதத்தைக் கூட்ட வேண்டியிருக்கிறது. கூட்டிய ஈரம் அதே ஏசிக் குளிரால் குழாயில் நீராகிறது. நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள் இயல்பாக 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்ற விதி 2020 முதல் நடப்பில் உள்ளது. படுக்கும்போது அதை எவ்வளவு இறக்குகிறோம் என்பது அவரவர் வீட்டுக்குத் தெரியும். உதகையிலும் கொடைக்கானலிலும் ஏசியே தேவையில்லை. அங்கே குளிர்கால இரவில் அறைக்குள்ளேயே 10 டிகிரியை ஒட்டிய குளிர் இருக்கும்போது சாதாரணக் குழாயைக் கொடுத்து அனுப்புவது, நீர் சேரும் என்று தெரிந்தே கொடுப்பதற்குச் சமம்.

நீர் வருகிறது என்று தொலைபேசியில் முறையிட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: ‘ஹியுமிடிட்டிய குறைச்சு வச்சுக்குங்க சார்.’ குறைத்தால் நீர் நிற்கும், உண்மை. ஆனால் காய்ந்த காற்று இரவு முழுதும் பாயும்போது, அதிலும் வாய்வழிக் கசிவு உள்ளவர்களுக்கு, மூக்கின் சளிச்சவ்வு வறண்டு வீங்கி மூக்கடைத்துக்கொள்கிறது. மூக்கடைத்தால் வாய் மேலும் திறக்கிறது. ஒரு தொல்லையைக் கொடுத்து இன்னொன்றை வாங்கிக்கொள்ளும் இந்த யோசனையை முதல் மருந்தாகச் சொல்லக் கூடாது. அறை வெப்பத்தை ஓரிரு டிகிரி உயர்த்துவதும், ஏசியின் காற்று நேராகக் குழாயின்மேல் படாமல் பார்த்துக்கொள்வதும், குழாய்க்குத் துணியுறை போடுவதும், சேரும் நீர் தொட்டிப் பக்கமே திரும்பும்படி கருவியைத் தலைமட்டத்துக்குக் கீழே வைப்பதும் செலவு அதிகமில்லாத வழிகள். இவற்றை விளக்க ஐந்து நிமிடம் ஆகாது.

இவை போதாதவர்களுக்கு உரியது சூடேற்றும் குழாய். சுவரில் கம்பிச்சுருள் ஓடும் அக்குழாய், காற்றை மாஸ்க் வரை நீர் துளிர்க்காத அளவு வெப்பத்திலேயே வைத்திருக்கிறது. அதற்கான மின்னிணைப்பு கருவியில் இருந்தால்தான் அது பொருந்தும். பழைய கருவியை வாடகைக்கு எடுத்துப் போனவர் பின்னர் இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வார்? சூடேற்றும் குழாயின் எல்லையையும் மறைக்காமல் சொல்லுங்கள்: மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க்கில் காணும் நீரில் ஒரு பகுதி, அணிந்தவரின் மூச்சிலுள்ள ஈரமே குளிர்ந்த நெகிழியில் படிவது. சூடான குழாய் அதைக் குறைக்கலாமே தவிர முற்றிலும் நிறுத்தாது.

மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். மருந்துச்சீட்டில் அழுத்த அளவை எழுதுவதோடு நின்றுவிடாமல், நோயாளி ஏசி அறையில் உறங்குகிறாரா, எத்தனை டிகிரியில் என்று கேட்டு, ஈரப்பதமூட்டியின் நிலையையும் குழாயின் வகையையும் அதே சீட்டில் எழுதுங்கள். எழுதப்படாததை முகவர் தனி விலை சொல்லி விற்கும்போது, வாங்குபவருக்கு அது வீண் செலவாகவே தோன்றுகிறது.

முகவர்களே, சூடேற்றும் குழாயைச் சில இரவுகளுக்குச் சோதனையாகக் கொடுத்துப் பாருங்கள். தொட்டியை அன்றாடம் காலி செய்து குழாயைத் தொங்கவிட்டு உலர்த்த வேண்டும், நீர் உள்ள தொட்டியோடு கருவியைத் தூக்கிச் செல்லக் கூடாது, காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும் என்பன போன்றவற்றைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டுக் கருவியோடு வையுங்கள். முதல் வாரம் முடியும்போது நீங்களே அழைத்து, குழாயில் நீர் சேர்கிறதா என்று கேளுங்கள். கருவி அலமாரிக்குப் போவதற்கு முன் அந்த அழைப்பு வர வேண்டும்.

இப்படிக்கு,
சி-பாப் பயனாளர் ஒருவர்