மூணாறு குளிருக்கு இரவுச் சாப்பாடு: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் நீ சொன்னதெல்லாம் மனதிலேயே நிற்கிறது. இட்லி மாவு ஒரு ராத்திரியும் ஒரு பகலும் வைத்தும் பொங்கவில்லை. துவரம்பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டு விழவில்லை. அதனால் சமையலையே விட்டுவிட்டேன், ராத்திரிக்கு டவுனில் பரோட்டாதான் என்றாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. உனக்கென்று எழுதினாலும் இதைப் பொதுவில் போடுகிறேன். கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கமிருந்து வேலைக்கென்று மூணாறு ஏறி வருகிற பிள்ளைகள் எல்லோரும் முதல் மார்கழியில் இப்படித்தான் திணறுகிறார்கள்.

உன் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை. மூணாறு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். ஊரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்றால் இங்கே 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிப்பது கண்ணுக்குத் தெரியும், ஆனால் பருப்புக்கு அந்தச் சூடு போதாது. எவ்வளவு நேரம் தீயை எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் அந்தச் சூடு ஏறாது. குக்கரில் வைத்தால் உள்ளே 115 டிகிரியைத் தாண்டிவிடும், பருப்பு குழைந்துவிடும். மலைவீட்டில் வேறு எது இல்லாவிட்டாலும் ஒரு சின்ன குக்கர் இருந்தே ஆக வேண்டும். மாவு பொங்காததற்குக் காரணம், அதைப் புளிக்க வைக்கிற நுண்ணுயிர்களுக்கு 30 டிகிரிக்குப் பக்கத்தில் வெதுவெதுப்பு வேண்டும். ஆட்டிய மாவை ஒரு பாத்திரத்தில் ஊற்றி, பெரிய குண்டானில் வெந்நீர் விட்டு அதற்குள் இறக்கி, மேலே பழைய போர்வையைச் சுற்றி வை. ராத்திரி ஒருமுறை வெந்நீரை மாற்று. பொங்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையும், டிசம்பர், ஜனவரி முழுக்க அது அப்படித்தான் இருக்கும். வாயகன்ற டப்பாவில் ஊற்றி வைத்துக்கொண்டு கரண்டியால் எடுத்துக்கொள். தாளிக்க நல்லெண்ணெய் வைத்துக்கொண்டால் அந்தப் பாடும் இல்லை.

இப்போது பரோட்டாவுக்கு வருகிறேன். எனக்குப் பரோட்டா மேல் ஒரு கோபமும் கிடையாது. ஆனால் எட்டு மணிக்கு வாங்கி, பொட்டலமாகக் கட்டிக்கொண்டு, அந்தக் குளிரில் ஏற்றம் ஏறி அறைக்குப் போய்ப் பிரிப்பதற்குள் அதிலிருக்கும் கொழுப்பு உறைந்து, மைதா விறைத்துவிடும். சால்னா மேலே வெள்ளையாக ஆடை கட்டும். அதைத் தின்றுவிட்டு உடனே கம்பளிக்குள் சுருண்டால் வயிறு மந்தமாகாமல் என்ன செய்யும்? இந்த ஊர்க் குளிருக்கு ராத்திரிச் சாப்பாடு வீட்டு அடுப்பிலிருந்து நேராகத் தட்டுக்கு இறங்க வேண்டும். நீர்ப்பதமாக இருக்க வேண்டும். அதில் பயறோ பருப்போ இருக்க வேண்டும். சீக்கிரமாக, ஏழு ஏழரைக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். ஒற்றை ஆளுக்கு எதற்கு இத்தனை பாடு என்று மட்டும் நினைக்காதே. நாலு பேர் இருக்கிற வீட்டில் பேச்சும் சத்தமுமாக வீடே கொஞ்சம் கதகதப்பாகிவிடும். தனியாக இருக்கிறவனுக்குத்தான் கொதிக்கிற பாத்திரம் ஒன்று அவசியம் வேண்டும்.

முதலில் காணத்தைச் சொல்கிறேன். கொள்ளு என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வது. இங்கே கடையில் மலையாளத்தில் முதிர என்று கேள், எடுத்துக் கொடுப்பார்கள். நம் கரிசல் காட்டில் விளைவதுதான், பெரியம்மா வீட்டில் மாட்டுக்கு அவித்துப் போட்டதைப் பார்த்திருப்பாய். மனிதனுக்கும் அதுதான் குளிர்காலத்துக்கு உற்ற துணை. நூறு கிராமில் இருபது கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, விலையும் கொஞ்சம்தான்.

காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அரை டம்ளர் காணத்தை எடுத்து, தட்டில் பரப்பிக் கல் பொறுக்கு. காணத்தில் கிடக்கிற கல் காணத்தின் நிறத்திலேயே இருக்கும், விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தால்தான் அகப்படும். கழுவி, வெந்நீர் ஊற்றி ஊறப்போட்டுவிட்டுப் போ. பச்சைத் தண்ணீரில் போட்டால் இந்தக் குளிரில் சாயங்காலம் வரைக்கும் அப்படியே கிடக்கும். திரும்பி வந்ததும் புதுத் தண்ணீர் மூன்று டம்ளர், ஒரு சிட்டிகை மஞ்சள், ஒரு சொட்டு நல்லெண்ணெய் சேர்த்துக் குக்கரில் ஏற்று. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து இருபது நிமிடம் விடு. அதற்குள் கை கால் கழுவி, ஸ்வெட்டரை மாற்றிவிடலாம்.

திறந்ததும் ஒரு மண் வாசனை வரும், மழை விழுந்த புழுதிக்காடு மாதிரி. செம்பழுப்பான அந்தத் தண்ணீரை வடித்து வைத்துக்கொள். அதுதான் ரசம். வெந்த காணத்தில் இரண்டு கரண்டி எடுத்து நன்றாக மசித்து அதிலேயே கரைத்துவிடு. ஒரு தேக்கரண்டி மிளகு, அரைத் தேக்கரண்டி சீரகம், தோலோடு ஐந்தாறு பல் பூண்டு, இவற்றை உரலில் ஒன்றிரண்டாகத் தட்டு. மிக்ஸியில் போட்டு மாவாக்கிவிடாதே, மிளகு பல்லில் கடிபட வேண்டும். சின்ன நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, ஒரு தக்காளியைக் கையாலேயே பிசைந்து போட்டு, புளி வாடை போகக் கொதித்ததும் காணத் தண்ணீரையும் தட்டியதையும் சேர். ஓரத்தில் நுரை கட்டி ஏறும்போது இறக்கிவிடு. கொதிக்க விட்டால் மிளகின் மணம் போய்க் காரம் மட்டும் நிற்கும். கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி உடனே மூடு.

மீதிக் காணத்தை இரண்டு வறுத்த மிளகாய், ஒரு பல் பூண்டு, ஒரு கீற்றுத் தேங்காய், உப்பு வைத்துத் துவையலாக அரைத்துக்கொள். ஒரே அடுப்பில் ரசமும் ஆச்சு, தொட்டுக்கொள்ளவும் ஆச்சு. சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுத் துவையலைப் பிசைந்து முதலில் இரண்டு வாய், அப்புறம் ரசத்தைத் தாராளமாக விட்டுக் குழையப் பிசைந்து சாப்பிடு. கடைசியில் ஒரு டம்ளர் ரசத்தை அப்படியே குடி. மூக்கு ஒழுகும், காது மடல் சூடாகும். அப்போதுதான் சரியாக வைத்திருக்கிறாய் என்று அர்த்தம்.

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று சித்தி சொல்வாள், நீ ஒல்லியாக இருக்கிறாய் என்று கவலைப்படுவாள். அதற்குத்தான் நல்லெண்ணெயைக் குறைக்காதே என்கிறேன். கூடவே எள்ளுப்பொடி இடித்து ஒரு டப்பாவில் வைத்துக்கொள். பழமொழியின் இரண்டு பாதியும் ஒரே தட்டில் இருக்கட்டும்.

எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நாங்கள் வளர்ந்ததே இந்தக் காணத்தில்தான். அம்மா விடியும் முன்னே தேயிலைக் கொழுந்து பறிக்கக் கிளம்புவாள். அடுப்பு மேட்டில் ஒரு பித்தளைச் செம்பில் காணம் ஊறும், மேலே ஈரத் துணி. சாயங்காலம் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வரும்போது அவள் விரல் நுனியெல்லாம் கறை ஏறிக் கறுத்து, குளிரில் மடங்காமல் இருக்கும். வந்ததும் கவாத்து வெட்டிய தேயிலைச் சுள்ளிகளை அடுப்பில் திணித்துப் பற்றவைத்து, முதலில் இரண்டு கையையும் தீயில் காட்டுவாள். விரல் மடங்கிய பிறகுதான் கத்தியை எடுப்பாள். தேயிலைச் சுள்ளி சின்னதாகத் தெரியும், ஆனால் அடர்ந்த மரம், நின்று எரியும். லயத்து வீட்டில் சூடான இடம் என்றால் அந்த அடுப்படி ஒன்றுதான். படிப்பு, சண்டை, சாப்பாடு எல்லாம் அங்கேதான். அப்பா, தாத்தா என்று எல்லோரும் திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கமிருந்து வெயிலுக்குப் பழகிய உடம்போடு ஏறி வந்தவர்கள். உறைபனி விழுகிற மலையில் அவர்கள் தாக்குப்பிடித்ததற்கு அந்தச் சட்டிக்கும் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2019 ஜனவரியில் உறைபனி தேயிலையையே கருக்கிப் போட்டது. செண்டுவரை, குண்டளைப் பக்கம் இருக்கிறவர்களைக் கேட்டுப் பார், புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்ததைச் சொல்வார்கள்.

அடுப்பு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும், இதை மட்டும் இரண்டு முறை படி. கரி போட்ட கணப்புச் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவு ஜன்னலை மூடிக்கொண்டு படுக்காதே. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். யார் பழக்கம் என்று சொன்னாலும் கேட்காதே. குளிர் தாங்கவில்லை என்றால் இன்னொரு கம்பளி வாங்கிக்கொள்.

காணம் தினமும் வேண்டாம், உடம்புக்குச் சூடு. மாற்றி மாற்றி வை. பக்கத்து வீட்டு மலையாளிகளிடம் நாம் கற்றுக்கொண்ட நல்ல விஷயம், ராத்திரிக் கஞ்சியும் பயறும். நாம் கஞ்சியைக் காய்ச்சல்காரனுக்குக் கொடுப்போம். அவர்கள் திடமாக இருக்கிறபோதே ஆசையாகக் குடிப்பார்கள், பலாவிலையை மடக்கிக் கரண்டியாக்கிக்கொண்டு. மட்ட அரிசி என்று கிடைக்கும் சிவப்புப் புழுங்கல் அரிசியைக் குக்கரில் நிறையத் தண்ணீர் விட்டுக் குழையவிடாமல் வேகவை. சிறுபயறைத் தனியாக அவித்து, தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் பூண்டும் கொரகொரப்பாக அரைத்துச் சேர். தொட்டுக்கொள்ளத் தணலில் சுட்ட தேங்காயும் வரமிளகாயும் சின்ன வெங்காயமும் வைத்து அரைத்த, சம்மந்தி என்று அவர்கள் சொல்கிற துவையல். தணல் இல்லை என்றால் கேஸ் தீயில் இடுக்கியால் பிடித்துச் சுடு, கருக வேண்டும். ஒரு பப்படத்தையும் சுட்டு நொறுக்கிப் போட்டால் அன்றைக்கு வேறெதுவும் கேட்கமாட்டாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நேரம் இருந்தால் கப்பை. மரவள்ளிக் கிழங்கைத்தான் சொல்கிறேன். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில்தான் இது அங்கே மக்கள் சாப்பாடாகப் பரவியது. தோலை உரித்துத் துண்டாக்கி, நிறையத் தண்ணீர் விட்டுத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை முழுக்கக் கொட்டிவிடு. கிழங்கில் சயனைடு சேர்மம் உண்டு, சோம்பல்பட்டு அந்தத் தண்ணீரிலேயே மசித்துவிடாதே. வடித்த பிறகு மஞ்சள், தேங்காய், காந்தாரி மிளகாய், பூண்டு அரைத்ததைப் போட்டு மத்தால் மசி. கூடக் குடம்புளி போட்ட சாளைக் குழம்பு. மீன் கிடைக்காத நாளில் கருவாடு. கருவாடும் நல்ல புளியும் போடியிலிருந்து வரவழைத்துக்கொள், போடிமெட்டு வழியாக யாராவது தினமும் போய் வருகிறார்கள்.

பூண்டு வாங்கும்போது மட்டும் பார்த்து வாங்கு. வட்டவடை, காந்தளூர்ப் பூண்டு என்று கேள். புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது, பல் சின்னதாக இருக்கும், உரித்தால் கை மணம் சோப்புக்கும் போகாது. ரசத்துக்கு அதைவிட ஒன்று கிடையாது. அங்கே விளைகிற கேரட், உருளை, பீன்ஸ் எல்லாம் குளிர்காலத்தில் அவ்வளவு ருசி, பாசிப்பருப்போடு ஒரு கூட்டு வைத்தால் போதும். மறையூர்ச் சர்க்கரையும் ஒரு கிலோ எடுத்து வை. கையால் உருட்டிய வெல்ல உருண்டை, அதற்கும் 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுக்கு, மல்லி, கொஞ்சம் மிளகு தட்டிப்போட்டு அந்த வெல்லத்தில் சுக்குக்காப்பி போட்டுக் குடித்துப் பார். குளிருகிறதே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதே. சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைப் பிளாஸ்க்கில் ஊற்றி ஆபீசுக்கும் எடுத்துப் போ.

ஆட்டுக்கால் சூப் எழுத்தில் சொல்லி வராது. காலை எவ்வளவு நேரம் தீயில் வாட்ட வேண்டும், எந்தப் பதத்தில் மிளகைப் போட வேண்டும் என்பதெல்லாம் கூட நின்று பார்த்தால்தான் பிடிபடும். வருகிற சனிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் ஏறி வந்துவிடு. ராத்திரியே ஏற்றிவிடலாம், சிறு தீயில் கிடக்கட்டும், ஞாயிறு காலையில் இட்லிக்கு ஊற்றிச் சாப்பிடலாம். திங்கள் முதல் பஸ்ஸில் நேரே வேலைக்குப் போய்க்கொள். கம்பளி இங்கே இருக்கிறது, நீ தூக்கிக்கொண்டு வராதே. வரும்போது உன் குக்கரை மட்டும் எடுத்து வா. கேஸ்கட் தளர்ந்திருக்கிறதா என்று மாமா பார்த்துத் தருவார்.

அன்புடன்,
அக்கா