லாரிகளின் தளர்ந்த போல்ட்டுகளைத் தகுதி ஆய்வில் ஸ்பேனர் வைத்துச் சோதிக்க வேண்டி மனு

அனுப்புநர்: லாரி பட்டறைத் தொழிலாளி, மாதவரம், சென்னை.

பெறுநர்: உயர்திரு போக்குவரத்து ஆணையர் அவர்கள், சென்னை.

பொருள்: சரக்கு வாகனங்களின் யு-போல்ட், சேசிஸ் போல்ட்டு, சக்கர நட்டு ஆய்வு தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கமான் பட்டை, அதாவது வண்டியின் பாரம் தாங்கும் வில் பட்டை, வேலை பார்த்து வருகிறேன். துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் ஓடும் கண்டெய்னர் டிரெய்லர்கள்தான் எங்களிடம் அதிகம் வருகின்றன.

சென்ற மாதம் பிரேக் பார்க்க வந்த ஒரு டிரெய்லருக்கு அடியில் படுத்தேன். அச்சையும் கமான் பட்டையையும் சேர்த்துக் கட்டும் யு-போல்ட்டின் நட்டு ஒன்றிலிருந்து செம்பழுப்பாகத் துரு வழிந்திருந்தது. அப்படி வழிந்தால் நட்டு அசைந்து உராய்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். விரலால் திருகினேன். சுற்றியது! அந்த வண்டியின் தகுதிச் சான்றுக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. யு-போல்ட் விட்டுவிட்டால் அச்சு இடம் மாறும். ஓட்டுநர் ஸ்டியரிங்கை எப்படிப் பிடித்தாலும் வண்டி அவர் சொல் கேட்காது. பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் எண்ணூர் விரைவுச் சாலை வழியாகத்தான் அன்று காலை அது வந்தது.

ஓட்டுநரை நான் குறை சொல்ல மாட்டேன். இரவெல்லாம் துறைமுக வரிசையில் விழித்திருந்தவர் அவர்.

மத்திய மோட்டார் வாகன விதி 62-இன்படி 8 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டதற்கு ஆண்டுக்கு ஒருமுறையும் சான்று புதுப்பிக்கப்படுகிறது. போல்ட்டு அவ்வளவு நாள் பொறுக்காது. புதுப் பட்டை போட்டால் கொஞ்ச ஓட்டத்திலேயே பட்டைகள் அமர்ந்து நட்டு தளரும். மறுபடி முறுக்கியே ஆகவேண்டும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். எஃப்.சி. எனப்படும் தகுதி ஆய்வுக்குப் போகும் முன் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) முழுக்கக் கறுப்பு பெயின்ட் அடிக்கச் சொல்வார்கள். நானும் அடித்துக் கொடுத்திருக்கிறேன். துருக்கோடு அதற்குள் மறைந்துவிடுகிறது. அதை நினைத்தால் மனம் உறுத்துகிறது.

ஆகவே, யு-போல்ட், சக்கர நட்டு, டிரெய்லர் இணைப்புத் தட்டின் போல்ட்டு ஆகியவற்றை முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனரால் சோதித்த பின்னரே சான்று வழங்க உத்தரவிட வேண்டுகிறேன். சோதித்த நட்டின் மேலும் பக்கத்து இரும்பின் மேலும் சேர்த்து ஒரு மஞ்சள் கோடு போட்டுவிட்டால் போதும். நட்டு திரும்பினால் கோடு விலகும். துறைமுக வாசலில் நிற்கும் காவலரே டார்ச் அடித்துக் கண்டுபிடித்துவிடலாம். கோடு விலகிய வண்டியை அங்கேயே நிறுத்தி, முறுக்கிய பிறகு அனுப்ப வேண்டும். ஆய்வுக்கு முன் நட்டுகளின் மேல் பெயின்ட் அடிப்பதையும் தடுக்க வேண்டும்.

தாங்கள் நாள் குறித்தால், ஸ்பேனரோடு நேரில் வந்து செய்து காட்டத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
லாரி பட்டறைத் தொழிலாளி