போர்டு போச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி சிமாஸை க்ளியர் பண்ணிப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரோட கம்ப்யூட்டர் பக்கத்துல, கைக்காசு போடாம கேமிங் பிசியோட ஸ்பீடை ஏத்துறது எப்படின்னு ஒரு கட்டுரை வந்திருந்துச்சு. நல்லாவே எழுதியிருந்தாங்க, பயாஸுக்குள்ள (ஆன் பண்ணினதும் மொதல்ல ஓடுற, போர்டோட செட்டிங் ப்ரோக்ராம்) எப்படி போறது, ரேமுக்கு எக்ஸ்எம்பி (டப்பாவுல போட்டிருக்குற ஸ்பீடுல ரேமை ஓட்டுற செட்டிங்) எப்படி ஆன் பண்றது, ப்ராசஸரோட ஸ்பீடைத் தீர்மானிக்கிற மல்டிப்ளையரை எப்படி கூட்டுறதுன்னு எல்லாமே இருந்துச்சு, ஆனா சேவ் பண்ணிட்டு வெளிய வந்ததும் ஃபேன் மட்டும் சுத்தி ஸ்க்ரீன் கருப்பாவே நின்னுட்டா என்ன செய்யணும்னு ஒரு வரி கூட இல்ல. நான் மதுரையில அசெம்பிளிங், சர்வீஸ் வேலை பாக்குறவன். அந்த ஒரு வரி தெரியாம ஆயிரக்கணக்குல காசை விடுறவங்களைப் பாத்துக்கிட்டே இருக்கேன், அதனாலதான் எழுதுறேன்.

சமீபத்துல ஒரு காலேஜ் பையனோட சிபியூ பெட்டியை அவங்க அப்பா தூக்கிட்டு வந்தாரு. வேற ஒரு கடையில பாத்துட்டு போர்டு (மதர்போர்டு) போச்சு, ப்ராசஸரும் போயிருக்கலாம்னு சொல்லி புது போர்டுக்கும் ப்ராசஸருக்கும் சேர்த்து எஸ்டிமேட் எழுதிக் குடுத்திருக்காங்க. பையன் ரேம் ஸ்பீடை மாத்தினதைத் தவிர வேற எதுவும் செய்யல. சிமாஸை, அதாவது பயாஸ் செட்டிங் சேவ் ஆகி இருக்குற எடத்தை, க்ளியர் பண்ணினேன், டிஸ்ப்ளே வந்துருச்சு, அவ்வளவுதான் வேலை. அந்த கடைக்காரர் வேணும்னே ஏமாத்தினாருன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா சிமாஸைக் கூட க்ளியர் பண்ணிப் பாக்காம ஒரு போர்டை செத்ததுன்னு சொல்ல எந்த மெக்கானிக்குக்கும் உரிமை இல்லைங்கறது என்னோட கருத்து.

நடக்குறது இதுதான். நாம மாத்துற ஸ்பீடு, வோல்டேஜ் எல்லாம் போர்டுக்குள்ளயே சேவ் ஆகி இருக்கும், ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் அதே செட்டிங்கை வெச்சுத்தான் கெளம்பப் பாக்கும். உதாரணத்துக்கு டிடிஆர்4 ரேம் சும்மா மாட்டினா பெரும்பாலும் 2133 இல்ல 2666ல 1.2 வோல்ட்ல ஓடும், டப்பாவுல 3200, 3600னு போட்டிருக்குற ஸ்பீடு வேணும்னா எக்ஸ்எம்பி ஆன் பண்ணணும், அப்ப வோல்டேஜ் அநேகமா 1.35க்கு போகும். டப்பாவுலயே போட்டிருக்கேன்னு தோணும், ஆனா அதுவும் ஓவர்க்ளாக்தான், அதாவது சாதாரண அளவுக்கு மேல ஸ்பீடு ஏத்துறதுதான், எல்லா ப்ராசஸரும் எல்லா போர்டும் அதைத் தாங்கும்னு சொல்ல முடியாது. தாங்கலைன்னா ரேம் ரெடி ஆகுற எடத்துலயே நின்னுடும், டிஸ்ப்ளே வராது, பயாஸுக்குள்ளயும் போக முடியாது, ஆனா எந்த பார்ட்டும் செத்திருக்காது.

மொதல்ல பொறுமையா கொஞ்ச நேரம் விடணும். நெறைய போர்டு தானா ரெண்டு மூணு தடவை ஆஃப் ஆகி ஆன் ஆகி, முடியலைன்னு தெரிஞ்சதும் பழைய செட்டிங்குக்குத் திரும்பிடும், நடுவுல நாம பதறிப்போய் ஸ்விட்சை அணைச்சா அதுக்கும் வழியில்லாம போயிடும். அதுலயும் 2022ல வந்த ரைஸன் 7000, அதுக்கப்புறம் வந்ததெல்லாம் டிடிஆர்5 ரேமோட மொத தடவை ஆன் ஆகும்போதும் சிமாஸை க்ளியர் பண்ணின பிறகும் ரேமைப் பழக்கிக்க சில நிமிஷம் எடுத்துக்கும், அந்த நேரம் பூரா ஸ்க்ரீன் கருப்பாத்தான் இருக்கும். இது தெரியாம டெட் போர்டுன்னு திருப்பி அனுப்பினவங்களையும் எனக்குத் தெரியும்.

காத்திருந்தும் வரலைன்னா பவர் கார்டை செவுத்துல இருந்து உருவிடுங்க, பவர் சப்ளையோட பின்பக்க ஸ்விட்சையும் அணைச்சிடுங்க, அப்புறம் பவர் பட்டனை கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிச்சா உள்ள தங்கி இருக்குற கரண்ட் எறங்கிடும். போர்டுல ரெண்டு பின் தனியா இருக்கும், ஜிகாபைட் கம்பெனி போர்டுல சிஎல்ஆர்_சிமாஸ்னும், ஏசஸ்ல சிஎல்ஆர்டிசின்னும், எம்எஸ்ஐல ஜேபேட்1னும் போட்டிருக்கும், அந்த ரெண்டையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால ஒரு 10 செகண்ட் சேர்த்துத் தொட்டாப் போதும். எந்த பின்னுன்னு மேனுவல்ல பாத்து உறுதி பண்ணிட்டுத்தான் தொடணும், பக்கத்துல இருக்குற வேற பின்னைத் தொடக்கூடாது. பின்னே கண்ணுல படலைன்னா வட்டமா காசு மாதிரி இருக்குற சிஆர்2032 பேட்டரியை கழட்டி ஒரு 5, 10 நிமிஷம் வெளிய வெச்சுட்டு மாட்டலாம், ஆனா இப்ப வர்ற சில போர்டுங்க செட்டிங்கை பேட்டரி தேவைப்படாத சிப்புலயே வெச்சுக்குது, அதுல பேட்டரியை கழட்டி ஒண்ணும் ஆகாது, பின் வழிதான்.

அதுக்கும் வரலைன்னா ஒரே ஒரு ரேமை மட்டும் விட்டுட்டு, நாலு ஸ்லாட் இருக்குற போர்டா இருந்தா ப்ராசஸர் பக்கத்துல இருந்து எண்ணி ரெண்டாவது ஸ்லாட்டுல மாட்டிப் பாக்கணும். போர்டு ஓரத்துல சிபியூ (ப்ராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்)னு நாலு குட்டி லைட்டு இருந்தா எது அணையாம நிக்குதுன்னு பாருங்க, பிரச்சனை எந்த எடத்துலன்னு அதுவே காட்டிக் குடுத்துடும். டிஸ்ப்ளே கேபிள் கிராபிக்ஸ் கார்டுலதான் இருக்கா, போர்டுல மாத்தி மாட்டிட்டாங்களான்னும் ஒரு தடவை பாருங்க, சாதாரண விஷயம்தான், ஆனா பதட்டத்துல கழட்டி மாட்டும்போது நெறைய பேருக்கு நடக்குது. கிராபிக்ஸ் கார்டை ஆஃப்டர்பர்னர் மாதிரி சாஃப்ட்வேர்ல ஏத்தியிருந்தா கதை வேற, லோகோ வரும், விண்டோஸ் உள்ள போனதும் நிக்கும், அதுக்கு சேஃப் மோடுல போய் அந்த சாஃப்ட்வேரை எடுத்தாலே போதும், சிமாஸ் பக்கமே போக வேண்டாம்.

இப்ப நான் ரொம்ப முக்கியமா சொல்ல வந்தது. சிமாஸை க்ளியர் பண்ணினா நாம மாத்தின ஸ்பீடு மட்டும் இல்ல, எல்லா செட்டிங்கும் கம்பெனி செட்டிங்குக்குப் போயிடும். பழைய முறையில விண்டோஸ் போட்ட மிஷின்ல, அதை பூட் பண்ண விடுற சிஎஸ்எம்ங்கற செட்டிங் ஆஃப் ஆகி, பூட் டிவைஸ் இல்லைன்னு மெசேஜ் வரும். ஹார்ட் டிஸ்க் மோடு (போர்டு டிஸ்க்கோட பேசுற முறை) ஏஎச்சிஐல இருந்து ரெய்டுக்கோ, புது இன்டெல் போர்டுல விஎம்டிக்கோ மாறிட்டா விண்டோஸ் நீல ஸ்க்ரீன்ல நிக்கும். இதைப் பாத்ததும் டிஸ்க்கும் போச்சு, ஓஎஸ் கரப்ட் ஆயிடுச்சுன்னு சொல்லி ஃபார்மட் போட்டுடுறாங்க, கடைக் கணக்கு வெச்சிருந்த டேலி டேட்டா, கல்யாண போட்டோ எல்லாம் அதோட போகுது. பயாஸுக்குள்ள போய் அந்த ஒரு செட்டிங்கை பழையபடி மாத்தினா எல்லாம் அப்படியே வந்திருக்கும், நெனச்சா வயித்தெரிச்சலா இருக்கு. பிட்லாக்கர்னு, டிஸ்க்கைப் பூட்டி வெக்குற விண்டோஸ் வசதி ஒண்ணும் இருக்கு. விண்டோஸ் 11ல 24எச்2 வெர்ஷனை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோட புதுசா போட்டா பெரும்பாலான மிஷின்ல டிஸ்க் தானாவே பூட்டிக்கும், செட்டிங் மாறினதும் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும், அது அந்த அக்கவுண்டுலயே சேவ் ஆகி இருக்கும், போன்ல லாகின் பண்ணி எடுத்துக்கலாம். இது தெரியாம அதையும் அழிச்சு புதுசா விண்டோஸ் போட்டுடுறாங்க.

ஓவர்க்ளாக்கால எதுவுமே சாகாதுன்னு நான் சொல்லல. ஸ்பீடு மட்டும் கூடினா பெரும்பாலும் நின்னு போறதோட சரி, பார்ட்டைக் கொல்றது வோல்டேஜும் சூடும்தான். 2023ல ரைஸன் 7000 எக்ஸ்3டி ப்ராசஸர் சிலது சாக்கெட்டோட கருகிப்போய், அப்புறம் ஏஎம்டி, ப்ராசஸருக்குள்ள ரேம் கன்ட்ரோலர் பக்கம் போற எஸ்ஓசி வோல்டேஜை 1.3க்கு மேல போகாம புது பயாஸ்ல பூட்டினாங்க. இன்டெல்ல 13, 14வது தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர் சிலதுக்கு, யாரும் ஓவர்க்ளாக் பண்ணாமலே, வோல்டேஜ் ஏறிப்போய் கெட்டுப்போன பிரச்சனை வந்து 2024ல மைக்ரோகோடு (ப்ராசஸருக்குள்ள ஓடுற ப்ரோக்ராம்) அப்டேட் குடுத்து வாரண்டியையும் 2 வருஷம் நீட்டினாங்க, ஏற்கனவே கெட்டுப்போன ப்ராசஸரை அந்த அப்டேட் சரி பண்ணாதுன்னும் அவங்களே சொல்லிட்டாங்க. அந்த மாதிரி ப்ராசஸர் வெச்சிருந்து பூட் ஆகாம போனா கடைக்கு காசு குடுக்குறதுக்கு முன்னாடி பில்லைத் தேடி எடுத்து வாரண்டியில கேளுங்க. கட்டுரையில ஸ்டேபிளா இல்லைன்னா வோல்டேஜைக் கூட்டிப் பாருங்கன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருந்தாங்க, அது எனக்கு உடன்பாடு இல்ல, எவ்வளவு வரைக்கும்னு சொல்லாம அதை எழுதக்கூடாது. அதோட நம்ம ஊர்ல மார்கழியில ஓடுற செட்டிங் சித்திரை வெயில்ல ஏசி இல்லாத ரூம்ல ஓடாது, டெஸ்ட் பண்ணா மத்தியானத்துல பண்ணணும்.

அதனால ஐயா, ஸ்பீடு ஏத்துறதைப் பத்தி போட்ட அதே பக்கத்துல, அதே அளவுக்கு எடம் குடுத்து, பூட் ஆகலைன்னா என்ன செய்யணும்னும் ஒரு கட்டுரை போடுங்க. படத்தோட போட்டா ரொம்ப நல்லது, அந்த ரெண்டு பின் எங்க இருக்கும்னு பாத்தாத்தான் பயம் போகும். தேவைன்னா நான் எழுதித் தரவும் தயாரா இருக்கேன். சிமாஸில கை வைக்கிறதுக்கு முன்னாடி பயாஸ்ல இருக்குற பூட் மோடு, டிஸ்க் மோடு ரெண்டையும் போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கணும், இதை ஓவர்க்ளாக் பண்றதுக்கு முன்னாடியே செஞ்சிடணும், டிஸ்ப்ளே போன பிறகு எடுக்க முடியாது, அதையும் மறக்காம சேர்த்துப் போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
மதுரை.